கங்கா தண்ணீர் கேட்கவில்லை

கோலசிலாங்கூர்,
9-10-1952

அன்பு மகள் நவமணிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம். எங்களிடம் விட்டுவைத்திருக்கும் உன் மூத்தவள் கங்கா சுகமாகி வருகிறாள். எல்லோரும் சுகம் என்று ஒரே வரியில் எழுத முடியாமல் போனதற்குக் காரணம் நான்தான், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீயும் மாப்பிள்ளையும் பச்சைக் குழந்தையும் சிங்கப்பூரில் நல்லபடியாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். பிரசவமாகி நாற்பது நாள்கூட ஆகவில்லை, இதை உட்கார்ந்து படி. கங்கா படியில் விழுந்தாள் என்று எழுதச் சொன்னாள் உன் அம்மா. முதலில் அப்படித்தான் எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சுங்கை பெசாரில் சன்னாசி வீட்டில் பேரனுக்குக் காதுகுத்து. முன்பு நம் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான எனக்குக் கீழே வேலை பார்த்தாரே, அதே சன்னாசிதான், இப்போது அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். உன் அம்மாவுக்குக் கால்வீக்கம், அதனால் கங்காவை மட்டும் காரில் அழைத்துப் போனேன். சாப்பாட்டுக்குப் பிறகு கடையின் பின்பக்கம் உட்கார்ந்தோம். கிராணி ஐயாவுக்குத் தண்ணி ஊத்துலா என்று சன்னாசி சொல்லிக்கொண்டே இருந்தார். பிராந்தி. மூன்று கிளாஸ் என்று உன் அம்மாவிடம் சொன்னேன், நான்கு. கங்கா என் முழங்காலில் சாய்ந்து நின்று, இந்தத் தண்ணி ஏன் தாத்தா மஞ்சளா இருக்கு என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஊரடங்குக் காலமாயிற்றே, தோட்டத்து இரும்புக் கதவை ஆறு மணிக்குப் பூட்டிவிடுவார்கள். நாங்கள் புறப்படும்போது மணி ஐந்தாகப் பத்து நிமிடம். இரவு இங்கேயே தங்குங்கள் என்றார்கள், நான் கேட்கவில்லை. வாய்க்கால் ஓரமாகவே வேகமாக வந்தேன். சுங்கை புரோங்கில் போலீஸ் தடுப்பு போட்டிருந்தார்கள், பீப்பாய்களை நிறுத்தி நடுவில் மூங்கில் கட்டியிருந்தது. கையைக் காட்டியதும் விசில் ஊதியதும் எனக்குத் தெரியவே இல்லை. கங்காதான் தாத்தா தாத்தா என்று கத்தினாள். ஒரு பீப்பாயை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் வாய்க்கால் கரையில் முன்சக்கரம் தொங்க நின்றது கார். இரண்டு துப்பாக்கிகள் கண்ணாடியைக் குறிபார்த்தன. சுடவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு சின்னத் தலை தெரிந்தது, அதனால்தான் சுடவில்லை என்று கார்ப்பரல் பிறகு என்னிடம் சொன்னார். அந்தத் தலை முன்பலகையில் மோதியிருந்தது. கீழுதட்டில் மூன்று தையல், முன்பல் ஒன்று போய்விட்டது. பால்பல்தான், முளைத்துவிடும் என்றார் டாக்டர்.

இனிமேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். கார்ப்பரல் மலாய்க்காரர், என் வயது இருக்கும். கங்காவைத் தூக்கி இறக்கி, தன் கைக்குட்டையால் உதட்டை அழுத்திப் பிடித்தார். அவள் ரத்தத்தோடு அவரிடம், தாத்தா தண்ணி குடிச்சிருக்காங்க, அதான், என்றாள். தமிழில் சொன்னாள். குழந்தை என்ன சொல்கிறது என்று அவர் என்னைப் பார்த்துக் கேட்டார். இருபத்திரண்டு வருஷமாகத் தோட்டத்து ஜனங்கள் சொல்வதைத் துரைக்கும் போலீசுக்கும் மொழிபெயர்த்துச் சொல்கிறவன் நான். சன்னாசியும் தோட்டத்தில் வேலை செய்யும் செல்லனும் கைநாட்டு வைக்கிற மற்றவர்களும் என் வாயை நம்பித்தான் அங்கே நிற்பார்கள். தண்ணீர் கேட்கிறாள் என்றேன். அவர் தன் இடுப்புக் குப்பியின் மூடியில் ஊற்றிக் கொடுத்தார். கங்கா என் முகத்தைப் பார்த்தாள். பிறகு குடித்தாள். அறுந்த உதட்டோடு குடித்தாள்.

குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாகவும் தடுப்பில் நிற்காததாகவும் என்மேல் வழக்கு. இருபத்தோராம் தேதி செவ்வாய்க்கிழமை கோலசிலாங்கூர் கோர்ட்டில் விசாரணை. குழந்தை வண்டியில் இருந்ததையும் எழுதியிருக்கிறார்கள். வக்கீல் நாராயணசாமி போலீஸ் அறிக்கையைப் பார்த்துவிட்டு வந்து சந்தோஷப்பட்டார். ஓட்டுநர் பேச்சில் தடுமாற்றம் இல்லை, குழந்தை தண்ணீர் கேட்டதை மலாயில் சரியாகச் சொன்னார் என்று அதில் ஒரு வரி இருக்கிறதாம். குடிபோதையில் இருப்பவன் மொழிபெயர்ப்பானா, இந்த ஒரு வரி போதும் என்கிறார். எருமை குறுக்கே வந்தது என்று சாட்சி சொல்லத் தயார் என்று சன்னாசி ஆள் அனுப்பினார். ஐயா உள்ளே போனால் எங்களுக்கு யார் பேசுவார்கள் என்று செல்லன் அழுதான். இரண்டு நாள் நானும் அந்த வரியையே பிடித்துக்கொண்டிருந்தேன் மகளே, உன்னிடம் மறைக்கவில்லை.

நேற்று பஸ் ஏறிச் சுங்கை புரோங் போனேன். கார்ப்பரலைப் பார்த்து, குழந்தை அன்று சொன்னது இது, நான் மாற்றிச் சொன்னது இது என்று சொன்னேன். எங்கள் ஜனங்கள் சாராயத்தையும் தண்ணி என்றுதான் சொல்வார்கள் என்றும் விளக்கினேன். அவர் கோபப்படவில்லை. தையல் ஆறிவிட்டதா என்று விசாரித்தார். பிறகு, தாகமே இல்லையென்றால் அவள் ஏன் குடித்தாள் என்று கேட்டார். அடுத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். கோர்ட்டில் குற்றத்தை ஒத்துக்கொள்ளப் போகிறேன். லைசென்ஸ் போகும், கிராணி வேலையும் போகலாம், உள்ளே போட்டாலும் போடுவார்கள். வக்கீலுக்கு என்மேல் வருத்தம். உன் அம்மா பேசுவதில்லை, சாப்பாடு மட்டும் போடுகிறாள்.

கங்கா ஓடி விளையாடுகிறாள், கஞ்சி குடிக்கிறாள். ஆனால் இந்த நான்கு நாளாகத் தண்ணி என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. தாகம் எடுத்தால் மலாயில் ஆயர் என்று கேட்கிறாள், அதுவும் உன் அம்மாவிடம்தான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நான் செம்பில் கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக் குடித்துவிடுகிறாள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. அவளை அங்கே அழைத்துக்கொள்வதா இங்கே விட்டுவைப்பதா என்பதை நீயும் மாப்பிள்ளையும் முடிவு செய்யுங்கள். நான் ஒரு வார்த்தையும் குறுக்கே பேச மாட்டேன். நீ வர உடம்பு இடம் கொடுக்காவிட்டால் மாப்பிள்ளை மட்டும் வரட்டும். அடையாளக் கார்டை மறக்காமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளச் சொல், வழியெல்லாம் கேட்கிறார்கள். பால் டின், அரிசி எதுவும் கொண்டுவர வேண்டாம், காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போகும் என்று தடுப்பில் பறித்துக்கொள்வார்கள். பச்சை உடம்பு, குளிர்ந்த நீரில் குளிக்காதே. யார் வந்தாலும் கங்காவைத் தனியாக உட்காரவைத்து என்ன நடந்தது என்று கேளுங்கள். அவள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் நான் இருக்க மாட்டேன்.

முருகன் உங்கள் நால்வரையும் காக்கட்டும். குழந்தைக்கு என் முத்தம்.

உன் அப்பா,
உடையப்பன்