விட்டுக்கொடுத்த கோல்கீப்பர்

ஸ்ரீவைகுண்டம்
ஆகஸ்ட் 1994

அண்ணனுக்கு,

இரண்டு வருடமாக எங்கள் புது ஹாக்கி டீம் தோற்றுக்கொண்டே இருக்கிறது. கோலில் நிற்பவன் நான் என்பதால், எல்லாப் பந்தும் என்னைத் தாண்டித்தான் போகிறது.

லீக்கில் புது டீம் சேர்ந்தால் பழைய டீம் ஒவ்வொன்றும் ஒருவரை விட்டுக்கொடுக்க வேண்டும். அப்படி நம் பாளையங்கோட்டை டீம் என்னை விட்டபோது, கேப்டனான நீங்கள், "நான் எவ்வளவோ சொன்னேம்லே, கமிட்டிதான் கேக்கல" என்று அழுதீர்கள். நான்தான் உங்களைத் தேற்றினேன்.

நேற்று எங்கள் செயலாளர் பேச்சுவாக்கில் சொன்னார்: "உங்க அண்ணாச்சிதான் உம்ம பேரச் சொன்னாரு வே. கமிட்டி உம்மள விடமாட்டோம்னுல்லா நின்னுது."

ஞாயிற்றுக்கிழமை உங்களோடு ஆட்டம். நீங்கள் வாங்கித் தந்த கால் பேடுகளை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். இரவல் பேடுகளோடு நிற்பேன். பெனால்டி கிடைத்தால் நீங்களே வந்து அடியுங்கள். கமிட்டியை அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
எதிர் டீம் கோல்கீப்பர்