புகையில் சரியாகத் தெரிந்த நீலம்

மார்ச் 3, செவ்வாய்

இன்று நான் சொன்ன ஜோக்குக்குப் பட்டறையே சிரித்தது. வாழ்க்கையில் முதல் முறை, அதனால் எழுதி வைக்கிறேன். முதலாளி தன் வழுக்கையைத் தடவிக்கொண்டே, "இந்த வண்டிக்கு என்னம்மா பாலிஷ் போடலாம்?" என்றார். "நீங்க தலைக்குப் போடுறதையே போட்டுடலாம் சார்" என்றேன். சுத்தியல் அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். முதலாளியும் சிரித்தார். "மிஷினுக்கு வாய் முளைச்சிடுச்சுடா!" என்று ஸ்ப்ரேக்காரன் கத்தினான்.

மிஷின் என்பது நான். அடிபட்ட கார்கள் வரும். சுத்தியல் அண்ணன் நெளிந்த தகரத்தைத் தட்டி நிமிர்த்துவார். ஸ்ப்ரேக்காரன் பெயிண்ட் அடிப்பான். அந்தப் பெயிண்டை, பழையது எங்கே முடிந்தது புதியது எங்கே தொடங்கியது என்று தெரியாதபடி கலந்து கொடுப்பது என் வேலை. யாரிடமும் பேச மாட்டேன், முகம் பார்க்க மாட்டேன். அதனால் மிஷின்.

அந்தச் சிரிப்பில் பாதி என்னுடையது, பாதி ஸ்ப்ரேக்காரன் கொடுத்த கஞ்சாவுடையது. இருக்கட்டும். பங்கு பிரிக்கும் மனநிலையில் இன்று நான் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

எப்படித் தொடங்கியது என்பதையும் எழுதிவிடுகிறேன். அப்புறம் யாராவது "கெட்ட சகவாசம்" என்று சுருக்கிவிடுவார்கள்.

சுத்தியல் விழும்போது எனக்குக் காதில் கேட்பதில்லை, பல்லில் கேட்கிறது. கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தால் வயிற்றுக்குள் ஓடுகிறது. முன்பெல்லாம் கழிவறைக்குப் போய்ச் சுவரில் நெற்றியை அழுத்திக்கொண்டு நிற்பேன். போன வருடம் டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார்: ஆட்டிசம். அக்கா கேட்டாள்: "அது சின்னப் பிள்ளைங்களுக்குத்தானே வரும்? உனக்கு இருபத்தாறு ஆச்சே?" வளர்ந்ததும் விழுந்துவிட அது என்ன பால் பல்லா?

பெயர் கிடைத்தது. சத்தம் குறையவில்லை. ஒருநாள் ஸ்ப்ரேக்காரன் என்னைக் கழிவறை வாசலில் பார்த்துவிட்டு, "ஒரு இழுப்பு இழுத்துப் பாரு. காதுல பஞ்சு வச்ச மாதிரி இருக்கும்" என்றான். இருந்தது. உண்மையை எழுதத்தானே உட்கார்ந்திருக்கிறேன்? இருந்தது.

மார்ச் 11, புதன்

முதலாளி எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இப்பதாம்மா நீ மனுஷி மாதிரி இருக்க. இப்படியே இரு. கலர் பொறுப்பு மொத்தமும் உனக்குத்தான். நீ சரின்னு சொல்லாம எந்த வண்டி மேலயும் பெயிண்ட் விழாது."

கலர் பொறுப்பு! வீட்டுக்கு நடந்து வரும்போது நின்றிருந்த கார்களையெல்லாம் சொந்தக்காரி மாதிரி பார்த்துக்கொண்டு வந்தேன்.

மார்ச் 14, சனி

அக்காவோடும் மாமாவோடும் ஒரே மேஜையில் சாப்பிட்டேன். டிவி ஓடியது, பாத்திரம் உருண்டது, மாமா பாட்டு என்று நினைத்துக்கொண்டு ஏதோ பாடினார். நான் எழுந்து போகவில்லை. "இப்பதாண்டி வீடு வீடா இருக்கு" என்றாள் அக்கா. அவளுக்கு எதுவும் தெரியாது. தெரியாதவரை எல்லோருக்கும் லாபம்.

மார்ச் 19, வியாழன்

எப்படி எழுதுவது.

ஸ்ப்ரேக்காரன் நேற்றும் இன்றும் லீவு. அதனால் எனக்கும் புகை இல்லை. காலையில் போன வாரத்து டாக்ஸிக்காரர் திரும்பி வந்தார். கருநீலக் கார், ஒரு கதவுக்கு மட்டும் புதுப் பெயிண்ட் கொடுத்தோம். வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டுக் கேட்டார்: "இந்தக் கதவை வேற வண்டியில இருந்து கழட்டி மாட்டுனீங்களா?"

"புதுப் பெயிண்ட்டுங்க. ரெண்டு மழை பெஞ்சா தானா சேந்துக்கும்" என்றார் முதலாளி. பொய். பெயிண்ட் என்ன, சண்டை போட்ட புருஷன் பொண்டாட்டியா, தானாகச் சேர்ந்துகொள்ள? டாக்ஸிக்காரர் முனகிக்கொண்டே போய்விட்டார். முதலாளி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

நான் சிரிக்கவில்லை. கதவைப் பார்த்துவிட்டேன். நீலத்துக்குள் பச்சை ஏறியிருந்தது. குருடனுக்குத் தெரியாது, மற்ற எவனுக்கும் தெரியும். ஆனால் போன வாரம் இதே வெயிலில் இதே கதவின் முன்னால் நின்று "சரி" என்று சொன்னது நான்தான். பார்க்காமல் சொல்லவில்லை. பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன். அப்போது அது சரியாக இருந்ததே?

மார்ச் 22, ஞாயிறு

சோதித்துவிட்டேன். சின்னத் தகரத் துண்டுகளில் அந்த நீலத்தையும் அதை ஒட்டிய நீலங்களையும் அடித்துக் காயவைத்திருந்தேன். மதியம் மொட்டை மாடியில் இழுத்துவிட்டு, நல்ல வெளிச்சத்தில் ஒன்றோடொன்று பொருத்தி அடுக்கினேன். எவ்வளவு சுகமாக இருந்தது! எல்லாம் ஜோடி ஜோடியாக உட்கார்ந்தன. நானே எனக்குக் கை தட்டினேன்.

மார்ச் 23, திங்கள்

காலையில் அதே துண்டுகள், அதே மாடி, தெளிந்த தலை. ஒரு ஜோடிகூட ஜோடியில்லை.

தப்பு செய்தது எனக்குப் பெரிதில்லை. யாரும் செய்வார்கள். தப்பைப் பார்த்து மனசு நிறைந்து நின்றேனே, அதுதான் தாங்கவில்லை. "சரியில்லை, சரியில்லை" என்று எனக்குள் எப்போதும் ஒன்று நச்சரித்துக்கொண்டே இருக்கும். சட்டை லேபிள் உறுத்தும், ட்யூப்லைட் முணுமுணுக்கும், நீலத்தில் பச்சை தெரியும். எல்லாம் அந்த ஒரே நச்சரிப்புதான். அதன் வாயைக் கட்டிப்போட்டுவிட்டு எனக்கு வாய் முளைத்ததாகப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

மார்ச் 25, புதன்

டாக்டரிடம் போட்டு உடைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "ஆட்டிசம் இருக்குற பெரியவங்களுக்கு இது என்ன செய்யும்னு உறுதியா சொல்ற அளவுக்கு ஆராய்ச்சி இல்லம்மா. சிலர் பதற்றம் குறையுதுங்கறாங்க, சிலருக்கு கூடிடுது. ஆனா கவனத்தையும் ஞாபகத்தையும் பொதுவா தொடும். உனக்கு என்ன பண்ணுதுன்னு நீயே பாத்துட்டியே" என்றார். நிறுத்தினால் கொஞ்ச நாள் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், வியர்க்கும், தாங்க முடியாவிட்டால் வா என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன மனிதரை இப்போதுதான் பார்க்கிறேன்.

மார்ச் 27, வெள்ளி

நிறுத்திவிட்டேன். தூக்கம் இல்லை. எல்லோர் மீதும் கோபம், தலையணை மீதும்.

மார்ச் 30, திங்கள்

சுத்தியல், கம்ப்ரசர், ரேடியோ எல்லாம் ஒரே நேரத்தில். கையிலிருந்த டின் மூடியை வீசிவிட்டேன். யார் மேலும் படவில்லை. பட்டறை ஒரு நிமிடம் அமைதியானது. ஆகா, என்ன சுகம்!

முதலாளி வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "முன்னாடி மாதிரியே இரேம்மா. யாருக்கும் தொந்தரவு இல்லாம இருந்தியே" என்றார். அப்புறம் ஸ்ப்ரேக்காரனிடம் திரும்பினார்: "டேய், இவளுக்கு ஒண்ணு குடுடா."

அப்போ அந்த ஆளுக்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும்! மனுஷி மாதிரி இருக்கியாம். என்ன மனுஷி? வாயை மூடிக்கிட்டு தப்புக் கலர் கலக்குற மனுஷி! சுத்தியல் அண்ணனுக்கு ஒரு காது போயிடுச்சு, தலைவலி மாத்திரைய மிட்டாய் மாதிரி முழுங்குறார். ஸ்ப்ரேக்காரன் பகல்ல புகை, சாயங்காலம் பாட்டில். எல்லாரும் ஏதோ ஒண்ணைப் போட்டுக்கிட்டுதான் இந்தச் சத்தத்துல நிக்குறோம். நோய்னு பேரு மட்டும் எனக்கு. கம்ப்ரசருக்கு ஒரு தடுப்பு கட்டச் சொன்னா செலவாம். ஆளை மரக்கட்டையாக்கினா செலவே இல்ல!

ஏப்ரல் 2, வியாழன்

இழுத்தேன். நானே எழுதும் நாட்குறிப்பில் யாரிடம் மறைப்பது?

ஏப்ரல் 4, சனி

அக்காவிடம் சொல்லிவிட்டேன். முதலில் கத்தினாள். "மானம் போச்சு" என்றாள். யாருடைய மானம், எந்தப் பக்கமாகப் போனது என்று கேட்டேன். அப்புறம் அழுதாள். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நீ எங்ககூட உக்காந்து சாப்பிட்டியே... எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா? எப்பவாவது, கொஞ்சமா... கூடாதா?"

என் அக்கா. என்னைத் தூக்கி வளர்த்தவள்.

"டிவிய அணைச்சா நான் உக்காருவேன்க்கா" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், டிவியைப் பார்த்தாள். "அவ்வளவுதானாடி? இதை முன்னாடியே சொல்லித் தொலைய மாட்டியா?" நான் பேசத் தொடங்கிய நாளிலிருந்து சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். போகட்டும். அணைத்தாள். மாமா முகம் தொங்கியது. சாப்பிட்டோம்.

ஏப்ரல் 9, வியாழன்

கலர் பொறுப்பு இனி எனக்கு இல்லையாம். மூடி வீசுகிறவளிடம் எப்படிக் கொடுப்பது என்று முதலாளி கேட்கிறார். நானும் ஒன்று கேட்டேன்: பின்னால் உள்ள ஸ்டோர் ரூமில் என் மேஜையைப் போட வேண்டும். கதவு இருக்கிறது, நேர் வெயில் விழாமல் வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் இருக்கிறது.

"அங்க எலிதான்மா இருக்கும்."

"எலி ரேடியோ கேக்காது சார்."

"உனக்கு ஒரு ரூம் குடுத்தா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும். அவங்களுக்கும்தானே காது இருக்கு?"

"முடியாது" என்று போய்விட்டார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

பட்டறைக்கு விடுமுறை. சாவி சுத்தியல் அண்ணனிடம். கேட்டேன், கொடுத்தார், எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காததோடு நிற்காமல் கூடவே வந்து மேஜையின் மறுபக்கத்தையும் பிடித்தார். பழைய டயர்களை வெளியே உருட்டி, ஜன்னலைத் துடைத்து, பெயிண்ட் டின்களை அடுக்கினேன். எலி இருந்தது. நானும் அதுவும் ஒருவரை ஒருவர் கண்டுகொள்ளவில்லை. பெரிய காதுமூடி ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன்.

வேலை போனால் போகட்டும் என்று எழுத ஆசை. ஆனால் போகக் கூடாது. நிறம் கலக்குவதைத் தவிர உலகத்தில் வேறு எதையும் நான் இவ்வளவு விரும்பியதில்லை.

ஏப்ரல் 13, திங்கள்

முதலாளி வாசலில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஸ்டோர் ரூமைப் பார்த்தார். "யாரைக் கேட்டு?"

"டாக்ஸிக்காரரோட கதவைத் திரும்ப அடிக்கணும் சார். இங்க இருந்து கலக்கித் தரேன். அவருக்கு கலர் வித்தியாசம் தெரிஞ்சா மேஜைய நானே தூக்கிட்டுப் போயிடுறேன். பட்டறையை விட்டே."

ஸ்ப்ரேக்காரன் விசிலடித்தான். "அந்த ஆள் திரும்ப வந்தாதானே" என்று முதலாளி சிரித்தார்.

போனில் பேசுவது எனக்குக் கம்ப்ரசரைவிட மோசம். டாக்ஸிக்காரரிடம் அக்கா பேசினாள். குரலைக் கனமாக்கிக்கொண்டு, "வணக்கம், பட்டறை மேனேஜர் பேசுறேன்" என்றாள். மாமா வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினார். வியாழன் வருகிறாராம்.

ஏப்ரல் 17, வெள்ளி

நேற்று காலை முழுவதும், புகை இல்லாமல், அந்த நீலத்தோடு இருந்தேன். ஒரு சொட்டு, ஒரு தகடு, ஜன்னல், அப்புறம் வெளியே வெயில், மறுபடி மேஜை. கதவை மூடினாலும் சத்தம் வந்தது, தூரத்து ஆள் மாதிரி. உள்ளே நச்சரிப்பு: சரியில்லை, சரியில்லை. பேசு, நன்றாகப் பேசு என்று விட்டுவிட்டேன். மதியத்துக்குப் பிறகு ஒரு தகட்டைக் காரின்மேல் வைத்தேன். நச்சரிப்பு வாயை மூடியது. தானாக.

ஸ்ப்ரேக்காரன் தெளிந்த கண்ணோடு அடித்தான். நான் கேட்கவில்லை, அவனாகத்தான்.

இன்று காய்ந்த வண்டியை வெயிலில் நிறுத்தினோம். டாக்ஸிக்காரர் ஒரு சுற்று சுற்றினார். குனிந்து சாய்வாகப் பார்த்தார். இன்னொரு சுற்று. அப்புறம் என்னிடம் கேட்டார்: "இதுல எந்தக் கதவும்மா நீங்க அடிச்சது?"

அந்தக் கேள்வியைச் சட்டம் போட்டு மாட்ட வேண்டும். "சொல்ல மாட்டேன்" என்றேன். முதலாளி முந்திக்கொண்டு, "நம்ம பட்டறை வேலைன்னா சும்மாவா!" என்றார். பெருமையை அவரும் எடுத்துக்கொள்ளட்டும். குறையவில்லை, நிறைய இருந்தது.

ஏப்ரல் 29, புதன்

வெள்ளிச் சாம்பல் நிறம் ஒன்று. நேராகப் பார்த்தால் வெளுப்பு, சாய்த்துப் பார்த்தால் கறுப்பு. பிடிபடவில்லை. காதுமூடியோடு குனிந்திருந்தேன். கதவருகே ஏதோ அசைந்தது. சுத்தியல் அண்ணன், கையில் சுத்தியலோடு. காதுமூடியைக் கழற்றினேன்.

"முன்பக்கம் ஒண்ணு தட்டணும். பெருசா சத்தம் வரும். தட்டலாமா?"

"இன்னும் கொஞ்ச நேரம்."

சரி என்றார். போகவில்லை. வெளியே கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார். எட்டிப் பார்த்த முதலாளியிடம், "கலர் நடக்குது சார்" என்றார். முதலாளி வந்த வழியே போனார்.

நான் நன்றி சொல்லவில்லை, சிரிக்கவும் இல்லை. வெள்ளியில் ஒரு சொட்டுக் கறுப்பு விட்டேன்.