மழையில் பார்த்த வீடு

13.7.86, ஞாயிறு

செம்பூரில் பார்த்த மேல்மாடி ஃபிளாட் எங்களுக்குத்தான். ஒழுகுமோ என்ற பயத்தில், ஃபீஸ் கொடுத்து மாட்டுங்கா இன்ஜினீயர் ஒருவரைக் கூட்டிப் போனேன்.

"வீட்டுக்கு எதுக்குடே டாக்டரு?" என்று காலையில் அக்காவின் கணவர் சிரித்தார்.

வெயில் வரட்டும் என்றார் புரோக்கர். கொட்டும் மழையில்தான் பார்ப்போம் என்று நின்றேன். இன்ஜினீயர் ஏணியில் ஏறி, ஒவ்வொரு அறையிலும் மேல்தளத்தைத் தடவினார். கையில் ஈரமில்லை. "தாராளமா வாங்குங்கோ" என்றார்.

திரும்பும் வழியில் தேவ்நாரில் அக்கா வீட்டுக்குப் போனேன். போன வருஷம் அத்தான் யாரிடமும் காட்டாமல் வாங்கிய வீடு. கட்டிலுக்கு மேலே சொட்டிக்கொண்டிருந்தது.

"மாப்ள, அந்த ஆளை இங்கயும் ஒருக்கா வரச் சொல்லுதியா?" என்று அத்தான் மெதுவாகக் கேட்டார்.

"டாக்டரையா அத்தான்?" என்றேன்.

அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.