திரையில் எரிந்த பச்சை

என் அக்காவைக் கட்டி, என்னையும் சேர்த்துப் பார்த்துக்கொண்ட அன்பு மாமாவுக்கு,

அக்காவிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

நம் எண்ணெய் மில்லில் விசாரணை முடிந்துவிட்டது. ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்று எழுதி, கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டர் திரையின் படத்தை வரைந்தவன் என்ற முறையில் என் கையெழுத்தையும் கேட்கிறார்கள். அந்தக் காகிதம் மூன்று நாளாக என் சட்டைப்பையில் கிடக்கிறது.

கம்ப்யூட்டர் வந்த அன்று உங்களுக்குத்தான் முதலில் காட்டினேன். மோட்டார் ஓடினால் பச்சை, நின்றால் சிவப்பு. நீங்களோ நம் மில்லுக்கு ஆபரேட்டராக வருமுன் இருபது வருஷம் பவர் ஹவுஸ் பேனல் முன்னால் நின்றவர். அங்கே சிவப்பு எரிந்தால் கரண்ட் இருக்கிறது. பச்சை எரிந்தால் இல்லை, கை வைக்கலாம்.

“இன்னாடா மச்சான், எல்லாம் தலைகீழா இருக்குது?” என்றீர்கள்.

“புக்குல அப்டிதான் மாமா போட்டிருக்குது. ரோட்டுல சிக்னல் பாத்ததில்லையா, அது மாதிரி.”

“செஞ்சியில ஏதுடா சிக்னல்?”

ரூமே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். நிறத்துக்குப் பக்கத்தில் ஓர் எழுத்துகூட எழுதவில்லை. படம் பார்க்க அழகாக இருந்தால் போதும் என்று நினைத்த மடையன் நான்.

அன்றைக்கு வல்லத்திலிருந்து வந்த லோடு ஈரக்கடலை. கன்வேயர் அடைத்து நின்றுவிட்டது, ஆனால் மோட்டாரில் கரண்ட் இருந்ததால் திரைக்கு அது ஓடுகிற கணக்குதான். நீங்கள் திரையைப் பார்த்தீர்கள். பச்சை. அவசரத்தில் பழைய பழக்கம்தானே முன்னால் வரும்? அடைப்பை எடுக்கக் கையை உள்ளே விட்டீர்கள். அடைப்பு விட்டதும் கன்வேயர் உங்களை உள்ளே இழுத்துக்கொண்டது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நேற்று அக்கா கேட்டாள். “டேய், அவரு குடிச்சிட்டு வேல செஞ்சாருன்னு ஊர்ல பேசறாங்களே, நெசமா?”

“இல்லக்கா.”

“அப்புறம் எப்டிடா?”

தண்ணீர் குடிக்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது, மாமா. உங்கள் நாற்காலியில் இப்போது உட்காருபவர், உங்களோடு பவர் ஹவுஸில் இருந்த அதே ரஹீம் பாய். அவர் கைக்கும் பச்சை என்றால் பயமில்லை. நான் என்ன செய்வேன்?

இன்று காலை ‘பச்சைன்னா ஓடுது, கை வைக்காத’ என்று எழுதித் திரைக்கு மேலே ஒட்டினேன். மேனேஜர் கிழிக்கச் சொன்னார். பாய் விடவில்லை.

நாளைக்கு அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட மாட்டேன். நிறத்தை வைத்தவன் நான், மாமா கேட்டும் மாற்றாதவன் நான் என்று எழுதிக் கொடுப்பேன். அங்கிருந்து நேராக அக்காவிடம் போய் அதையே சொல்வேன். இது சத்தியம்.

அவள் என்ன சொல்வாளோ தெரியாது. அதுவரைக்குமாவது,

உங்கள் மச்சான்
ஏழுமலை