பன்றிக்கறி வெந்த ஸ்டவ்

அத்தை,

இன்று காலை மருமகள் கேஸ் அடுப்பில் இத்தாலி சாசேஜ், அதுதான் குடல் தோலில் அடைத்த பன்றிக்கறி, வைத்தாள். கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி, நீர் வற்றியதும் உருட்டி உருட்டிச் சிவக்க விட்டாள். சோம்பு வாசனை கூடம் வரை வந்தது. உங்கள் ஞாபகமும் கூடவே வந்துவிட்டது. நீங்கள் போய் எத்தனையோ வருஷமாகியும், உங்களிடம் கேட்க வேண்டிய ஒன்று எனக்குள் அப்படியே நிற்கிறது.

அம்பத்தூர் வீட்டுக்கு நான் வந்த புதிதில் என்னை அடுப்புப் பக்கமே விடமாட்டீர்கள். உங்கள் மகன் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வந்தவள் நான். மாவு ஆட்டலாம், தண்ணீர் தூக்கலாம், பாத்திரம் துலக்கலாம். பம்பு ஸ்டவ்வைப் பற்றவைப்பது மட்டும் நீங்கள். திட்டவும் மாட்டீர்கள், முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்துவிடுவீர்கள். அந்த முதுகைப் பார்த்துப் பார்த்து அழுதிருக்கிறேன்.

அப்போதுதான் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் உங்கள் மகன் வேலை செய்த கம்பெனிக்கு மெஷின் பூட்ட ஓர் இத்தாலிக்காரர் வந்தார். நம் வீட்டில் சாப்பிட ஆசைப்பட்டவர், தன் கையால் செய்த சாசேஜை முன்கூட்டியே கொடுத்தனுப்பினார். "அப்டியே தண்ணி ஊத்தி மூடி வெச்சி, அப்பாலிக்கா செவக்க உடணுமாம்மா" என்று சொல்லிப் பொட்டலத்தை வைத்துவிட்டு, அவரை அழைத்து வரப் போய்விட்டார் உங்கள் மகன்.

"பன்னிக்கறி. நான் தொட மாட்டேன்" என்றீர்கள். ஆனாலும் மனசு கேட்காமல் குனிந்து பார்த்தீர்கள். "ஐய, குடலுமே இது. கழுவாமயே அடைச்சிகினு வந்துக்கீறான்."

ஆட்டுக்குடலைப் புரட்டிப் போட்டுக் கழுவாமல் சட்டியில் போடுகிறவரா நீங்கள்? நீங்கள் எட்ட நின்று சொல்லச் சொல்ல, நான் உள்ளே இருந்த கறியைப் பிதுக்கி எடுத்தேன். தோலை மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்தேன். அது கையோடு கிழிந்து வந்தது. "உடு, கறிய மட்டும் வெங்காயம் பச்சமொளகா போட்டு வதக்கு" என்று ஸ்டவ்வை என் பக்கம் காலால் தள்ளினீர்கள். முதல் தடவையாகப் பம்பு அடித்தேன்.

இத்தாலிக்காரர் சோற்றோடு பிசைந்து, கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இது என்ன கறி என்று வேறு கேட்டார். அவர் கொடுத்தனுப்பியதுதான் என்று உங்கள் மகன் சொன்னதும், தட்டில் இருந்ததை விரலால் கிளறிப் பார்த்தார்.

மறுநாள் காலை நீங்கள் ஸ்டவ் பக்கம் வரவில்லை. "இன்னாமே பாத்துகினு கீற? காப்பிக்குத் தண்ணி வையி" என்றீர்கள். அதன் பிறகு கடைசிவரை அந்த ஸ்டவ்வைத் தொடவேயில்லை. சமையலை என்னிடம் கொடுத்தீர்களா, பன்றி வெந்த அடுப்பு என்று கைகழுவினீர்களா? தீட்டு என்றால் அதில் நான் வடித்த சோறு மட்டும் உங்கள் தொண்டையில் எப்படி இறங்கியது? பிரியம் என்றால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. தப்பான பதிலைச் சொல்லிவிடுவீர்களோ என்று பயம்.

இன்று மருமகள் கரண்டியை நீட்டி, "அத்தை, கொஞ்சம் திருப்பி விடுங்க" என்றாள். "நீயே பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பன்றிக்கறி எனக்கும் பிடிக்காது. அடுப்பும் அவளுடையதுதான். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

உங்களுக்கும் தெரிந்திருக்காதோ, அத்தை?