சுழல் நாற்காலிக்கு முன் ஒரு கேள்வி

டாக்டர்,

உங்கள் மேசை டிராயரை இன்று அவசரமாகத் திறந்தேன். உப்பு நாரத்தங்காய் வாசனை குப்பென்று வந்தது. சுழல் நாற்காலியிலிருந்து குமட்டலோடு இறங்குகிறவர்களுக்கென்று நீங்கள் வைத்திருந்த டப்பாவில் இன்னும் நாலு துண்டு இருந்தது.

விண்வெளி வீரர்களுக்குக் காரைக்குடியில் ஆரம்பப் பயிற்சி என்றதும் ஊரே சிரித்தது. பழைய நூல் கிடங்கில் நான் நாற்காலியை வெல்டிங் வைத்துச் செய்தேன். அதில் சுற்றுகிற உடம்புகளை நீங்கள் பார்த்துக்கொண்டீர்கள். முதல் வாரமே சறுக்கினோம். கல்லலிலிருந்து பயிற்சிக்கு வந்தவரிடம் "சாப்பிட்டீகளா?" என்று கேட்டீர்கள். "ஆச்சு டாக்டர்" என்றார். மூன்றாம் நிமிடம் மயங்கிச் சாய்ந்தார். முந்தின நாள் மதியத்துக்குப் பிறகு அவர் எதுவுமே சாப்பிடவில்லை. பசித்தாலும் ஆச்சு என்பதுதானே நம் ஊர் மரியாதை.

அன்று எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னீர்கள்: "இங்குட்டு மரியாதைக்குப் பதில் சொல்லாதீக. உடம்பு சொல்றதைச் சொல்லுங்க. மேல போயி இப்படிச் சொன்னா உசுரு மிஞ்சாது."

அதே வாயால் என்னிடம் பொய் சொன்னீர்கள். கிடங்குப் படியில் நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றபோது என்னவென்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, நீங்க வேலையைப் பாருங்க" என்றீர்கள். நானும் மரியாதைக்கு நம்பினேன். அதற்கு இரண்டாம் நாள் நீங்கள் உயிரோடு இல்லை. உங்கள் மேலும் என் மேலும் இருக்கிற கோபம் இன்னும் தீரவில்லை.

பயிற்சிக்கூடத்தை ஏற்பதா மூடுவதா என்று பார்க்க இன்று மூன்று அதிகாரிகள் வந்திருந்தார்கள். பயிற்சிக்கு வரும் குன்றக்குடிப் பெண் ஒருவர் நாற்காலியில் பத்து நிமிடம் சுற்றிக் காட்ட வேண்டும். ஆறாம் நிமிடம், "தலை சுத்துது, நிறுத்துங்க" என்றார். இன்னும் கொஞ்சம் பார்க்கலாமே என்றார் ஓர் அதிகாரி. என் கையும் ஒரு கணம் தயங்கியது. நிறுத்திவிட்டேன். அந்தப் பெண்ணுக்காகத்தான் உங்கள் டிராயரைத் திறந்தேன்.

அதிகாரிகள் முடிவு சொல்லாமல் போய்விட்டார்கள். மூடச் சொன்னால் வேறு கிடங்கு பார்ப்பேன். என் கையால் செய்த நாற்காலி, எனக்குக் கழற்றவும் தெரியும், மாட்டவும் தெரியும்.

கிளம்பும்போது அந்தப் பெண், "நீங்க நல்லா இருக்கீகளா சார்?" என்று கேட்டார். இருக்கேன் என்பது வாய்வரை வந்துவிட்டது.

"நல்லா இல்லம்மா. டாக்டர் நெனப்பாவே இருக்கு" என்றேன். "நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்துரு. நெசமாவே சாப்பிட்டுட்டு வா."