போரனும் போறேனும்

றக்வான,
ஓகஸ்ட் 18

மேர்சியின் அப்பாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். அங்கே நீங்கள் நலம் என்பதை யூடியூப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். வாட்ஸ்அப்பில் எழுதினால் நீல டிக் விழுவதோடு சரி. அதனால்தான் தாளில் எழுதுகிறேன்.

உங்கள் பேட்டியை முழுதும் பார்த்தேன். இரசாயனவியல் என்ற சொல்லையே கேட்டிராத ஒரு தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து ஜேர்மனிக்குப் போனீர்களாம். அதே லயத்தில் உங்களுக்கு வாக்கப்பட்டு வந்தவள் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறாள் என்று சொல்ல நேரம் போதவில்லை போலும். கோட் அழகு. டை மட்டும் கோணல்.

உங்கள் அப்பாவுக்கு உங்கள் ஆராய்ச்சி இன்னும் விளங்கவில்லை. புறப்பட்ட அன்று, என்ன படிக்கப் போகிறாய் என்று மாமா கேட்டதற்கு "போரன்" என்றீர்கள். பையோடு வாசலில் நிற்கிற மகன் 'போயிட்டு வாறேன்' என்று சொல்லாமல் 'போறேன்' என்கிறானே என்று அவர் நாள் முழுக்கக் குறைபட்டார். அது ஒரு இரசாயன மூலகத்தின் பெயர் என்று நான்தான் சமாளித்தேன். ஆறு வருடமாகிறது. மாமாவின் காதில் விழுந்ததுதான் சரி என்று இப்போது லயமே சொல்கிறது. கடைக்குப் போனால், "டீச்சர், போறேன் சார் எப்பங்க வாறாரு?" என்கிறார்கள்.

மகளை டிசம்பரில் உங்களிடமே அனுப்பிவிட வேண்டும், தோட்டத்தில் இருந்தால் உருப்பட மாட்டாள் என்று மட்டும் ஒருமுறை எழுதியிருந்தீர்கள். உருப்படாத இந்த இடத்தில் அவளுக்குக் காய்ச்சல் பார்த்ததும், மழையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றதும் நான். நீங்கள் பார்த்தது போன் திரையில் அவள் நெற்றியை.

உங்கள் பேட்டியை அவளுக்கு விளக்கியதும் நான்தான். ஐதரசன் அணுக்கள் இரண்டும் இறுக்கமாகப் பிணைந்திருப்பவை. பிரிக்க வழக்கமாகப் பிளாட்டினம் போன்ற உலோகம் வேண்டும். உங்களுக்கு உலோகமே தேவையில்லை. ஒரு பக்கம் இலத்திரனுக்கு ஏங்கும் போரன், மறு பக்கம் கொடுக்கக் காத்திருக்கும் பொசுபரசு. இரண்டும் தங்களைச் சுற்றிப் பெரிய பெரிய அணுக் கூட்டங்களை வைத்திருப்பதால் ஒன்றையொன்று நெருங்க முடியாது. நடுவில் அகப்பட்ட ஐதரசன் இரண்டாகக் கிழிகிறது. அதன் இலத்திரன் இரண்டையும் போரன் தன் பங்கோடு அள்ளிக்கொள்கிறது. அந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன்.

மேர்சி சிரிக்கவில்லை. "அது நீங்களும் அப்பாவும் தானேம்மா. நடுவுல நான்," என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள். அன்றிலிருந்து உங்களைத் திட்டுவதில் எனக்குப் பழைய ருசி இல்லை.

அவளிடமே கேட்டேன். அப்பா முகத்தைத் திரை இல்லாமல் பார்க்க வேண்டுமாம். ஆனால் பரீட்சையை இங்கேதான் எழுதுவாளாம். ஆகவே டிசம்பர் லீவுக்கு மட்டும் வருவாள். பள்ளிக்கூடம் திறக்கும்போது அவள் இங்கே இருக்க வேண்டும். சூடாக்கினால் பிரிந்த ஐதரசன் திரும்பச் சேர்ந்து வெளியேறிவிடும் என்று நீங்களே சொன்னீர்கள். அதை நம்பி அனுப்புகிறேன்.

அவளுக்கு நெஞ்சில் சளி சீக்கிரம் கட்டும். குளிரில் தலையை மூடச் சொல்லுங்கள். சொன்னால் கேட்க மாட்டாள், உங்கள் பிள்ளை.

'போயிட்டு வாறேன்' என்று அவள் வாயால் கேட்ட பிறகுதான் மாமா வாசலில் வழி விடுவார். நீங்களும் அந்தச் சொல்லைச் சொல்லிப் பழகுங்கள். ஆறு வருடம் பிந்திச் சொன்னாலும் கேட்க ஆள் இருக்கிறது. மாமாவைத்தான் சொல்கிறேன்.

மாதா உங்களை அந்தக் குளிரிலிருந்து காக்கட்டும்.

மெட்டில்டா